செல்லாப் பிராணி

நான் நாய் பிடிக்கிற வேலை பார்ப்பவன். இப்படிச் சொன்னால் முனிசிபாலிட்டி லொறியில் கம்பிச் சுருக்கோடு போகிற ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். அது வேறு. கண்டியில் ஒரு மிருக வைத்தியரிடம், அவர் ஊசி போடும்போது நாய் அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. நாயைப் பிடிக்கும் என்பதற்காக இந்த வேலைக்கு வரவில்லை. பிடிக்காது என்றும் சொல்ல முடியாது. பதினேழு தடவை கடி வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு பக்கமாக முடிவெடுப்பது கஷ்டம்.

இதை நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று வரிக்கு வரி திருத்துகிறாள். மற்ற ஆட்கள் பேசியதையாவது அப்படியே விடு என்று கேட்டேன். அதற்கு மட்டும் சம்மதித்தாள்.

வேலைக்கு வந்த கதையே ஒரு பிசகுதான். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில், துரை பங்களாவில் பூப்பாத்தி கொத்திக்கொண்டிருந்தேன். துரையின் நாய்க்குக் காதில் சீழ் பிடித்துவிட்டது என்று கண்டியிலிருந்து டொக்டர் வந்திருந்தார். கன்றுக்குட்டி உயரம் இருக்கும் அந்த நாய். சங்கிலியை அவிழ்த்ததும் சமையல்காரர் ஒரு பக்கம், வாட்ச்சர் ஒரு பக்கம் ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை. ஓடத்தான் நினைத்தேன், கால் வரவில்லை. நாய் நேரே வந்து என் மேல் சாய்ந்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். டொக்டர் காதைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, இந்த மனுஷனுக்குப் பயமே இல்லையே என்று துரையிடம் சிங்களத்தில் சொன்னார். அடுத்த மாதம் நான் கண்டியில் இருந்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய்த்தான் பதினேழு கடியும்.

பிடிக்கிற வேலையோடு சொல்கிற வேலையும் எப்படி என் தலையில் விழுந்தது என்றால், டொக்டருக்கு அது வராது. அவர் சிங்களவர். தமிழ் பேசுவார், ஆனால் அவருடைய தமிழ் "சாப்புடுதா, வாந்தி எடுக்குதா, எத்தன நாள்" என்பதோடு முடிந்துவிடும். இனிமேல் மருந்து இல்லை என்று சொல்கிற இடம் வந்தால் என் பக்கம் திரும்புவார். சிங்கள ஆட்கள் வந்தாலும் என் பக்கம்தான் திரும்புவார். அந்தப் பேச்சு அவருக்குச் சிங்களத்திலும் தெரியாது என்று எனக்கு விளங்க இரண்டு வருஷம் ஆனது. படித்த மனுஷன், பத்து வயதுப் பூனையின் வயிற்றைத் திறந்து மூடிவிடுவார். ஆனால் வெளியே வந்து, உடையவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வதற்கு நான் வேண்டும்.

அப்படி நான் எல்லோருக்கும் சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு, சாக்கை எப்படி விரிப்பது, எத்தனை மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைப்பது, ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தோரம் தண்ணீர் விடுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தேன். முடியாத கட்டத்தில் ஊசி போடச் சம்மதிக்கிறவர்களுக்கு, அது வலிக்காது, மூச்சு ஒருதரம் பெரிதாக வரும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். பெரிய அறிவெல்லாம் இல்லை. பார்த்ததைச் சொன்னேன்.

ஒன்று கவனித்திருக்கிறேன். இந்த ஊரில் எந்தப் பாஷைக்காரராக இருந்தாலும் நாயோடு பேசுவது இங்கிலீஷில். 'கம்', 'சிட்', 'நோ' என்பார்கள். தனக்கே நாலு சொல்தான் தெரியும் என்றாலும் அந்த நாலையும் நாய்க்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கடைசி நேரத்தில் இங்கிலீஷ் நின்றுபோகும். சிங்களவர் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்பார், தமிழர் தமிழில் கேட்பார். அதுவரை கேட்காத பாஷையில் என்னவோ சொல்கிறார்களே என்று நாய் தலையைத் திருப்பிப் பார்க்கும்.

அதோடு, மன்னிப்புக் கேட்டுவிட்டு முக்கால்வாசிப் பேர் வெளியே போய்விடுவார்கள். "அண்ணே நீங்க பாத்துக்கங்க, எங்களால பாக்க முடியாது" என்று ரோட்டுக்கு இறங்கி, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் போல நிற்பார்கள். அதனால் எத்தனையோ பிராணிகள் கடைசியாகப் பார்த்த முகம் என்னுடையது. பத்து நிமிஷப் பழக்கம்.

இங்கேதான் அந்தக் கடதாசி வருகிறது. அந்தக் கடைசி ஊசி போடுவதற்கு உடையவர் கையெழுத்து வேண்டும். முன்பு சிங்களத்தில் மட்டும் இருந்தது. பிறகு தமிழிலும் ஒரு பக்கம் வந்தது. சிங்களத்தை ஃபோனுக்குள் போட்டுத் தமிழாக எடுத்தார்கள் என்று பேச்சு. எனக்கு வாசிக்கத் தெரியாது. பஸ் போர்டு தெரியும், என் பெயரைப் போடத் தெரியும், அவ்வளவுதான். பன்வில பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, அவருக்கும் வாசிக்க வராது, "இதுல என்னண்ணே எழுதியிருக்கு?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வெளியே போய் நிற்கப் போகிறவர், முகம் செத்துப் போயிருந்தது. "இது போகும்போது நீங்க கூட இருந்தீங்கன்னு எழுதியிருக்கும்மா" என்றேன். முகம் கொஞ்சம் இளகியது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

நன்றாக இருந்ததால் அதையே எல்லோருக்கும் சொன்னேன். அழுதுகொண்டிருக்கிறவர்கள் எதையும் வாசிப்பதில்லை. பல வருஷம் ஓடியது. பிறகு டீச்சர் வந்தார்.

அவர் கண்டியில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வேதக்காரர். அம்பிட்டியவில் தனி வீடு, மகன் அவுஸ்திரேலியாவில். மகன் கப்பல் ஏறுவதற்கு முன்பு, துணைக்கு என்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன நாய் அது, பதின்மூன்று வயது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. மூன்று வாரம் நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஏறிப் போய்த் தோலுக்கடியில் சேலைன் ஏற்றினேன். டீச்சர் தலைமாட்டில் உட்கார்ந்து போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

"பொமரேனியன்னு கார்டுல இருக்குன்னு டொக்டர் சொன்னாரே டீச்சர்" என்றேன் முதல் நாள். மாட்டுத் தோல் நிறத்தில், வாலும் காதும் சந்தைக்கடை நாயைப் போலவே இருந்தது.

"அப்படி சொல்லித்தான் குடுத்தாங்க. ஆறு மாசத்துல எங்களுக்கு தெரிஞ்சிருச்சு. அதுகிட்ட மட்டும் சொல்லல."

ஒரு சி.ஆர். கொப்பியில் எல்லாம் எழுதி வைத்திருந்தார். எத்தனை கரண்டி தண்ணீர், எத்தனை தரம் எழுந்தது, எல்லாவற்றுக்கும் எதிரே பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் போடுவதுபோல ஒரு சொல். எனக்கு வாசித்தே காட்டினார். முதல் வாரம் 'நன்று'. இரண்டாம் வாரம் 'திருப்தி'. மூன்றாம் வாரம் எதிரே ஒன்றும் எழுதவில்லை.

"எப்படியண்ணே தெரியும், போதும்னு?" என்று அந்த வாரக் கடைசியில் கேட்டார்.

"கேட் சத்தம் கேட்டா தலைய தூக்குதா?"

"நேத்து தூக்குச்சு. இன்னைக்கு காத மட்டும் ஆட்டுச்சு."

"சாப்பாடு?"

"மீன் வச்ச மாலு பாண பிச்சு குடுத்தேன். மரியாதைக்கு ஒரு துண்ட வாயில வச்சிருந்துச்சு. நான் குசினிக்கு போனதும் துப்பிருச்சு." போத்தலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "ஃபாதர்கிட்ட கேட்டேன். மிருகந்தானே டீச்சர், பாவமில்லன்னாரு."

"அப்ப சரிதானே."

"மிருகந்தானேன்னது எனக்கு பிடிக்கல. அதுக்கு பதிலா பாவம்னே சொல்லியிருக்கலாம்."

"பாவந்தானே டீச்சர், இப்படி கெடக்குது."

"நீங்க எந்த பாவத்த சொல்றீங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னது இரக்கப்படுகிற பாவம். அவர் கேட்டது செய்கிற பாவம். சிங்களத்திலும் இதே கதைதான், இரண்டுக்கும் 'பவ்' என்ற ஒரே சொல். இந்த நாட்டில் இரண்டு பாஷைக்காரரும் ஒத்துப்போன விஷயங்கள் குறைவு. இந்தக் குழப்பம் அதில் ஒன்று.

அடுத்த நாள் காலையில் ஆட்டோவில் நாயைக் கொண்டுவந்துவிட்டார். மழை. நாயைப் போர்த்தியிருந்தது அவருடைய நல்ல சால்வை. டொக்டர் பார்த்துவிட்டு, இன்றைக்கு விட்டால் வலிப்பு வரும், வலிப்போடு போவது மோசமான சாவு என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். நான் அதை டீச்சரிடம் சொன்னேன், மோசமான என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு. சிங்களம் டீச்சருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது அப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

"சரி" என்றார். "போட்டுருங்க. நான் வெளியில நிக்கிறேன். நீங்க பிடிச்சுக்கங்க."

கடதாசியை நீட்டினேன். வழக்கம்போல, "இது போகும்போது நீங்க கூட இருந்தீங்கன்னு எழுதியிருக்கு டீச்சர், கீழ ஒரு கையெழுத்து போட்டா போதும்" என்றேன். அவர் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கடதாசிக்கு முன்னால் கண்ணாடி போட்ட முதல் ஆள் அவர்தான்.

வாசித்தார். முகம் மாறியது. அது துக்கம் இல்லை, வேறு. கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார்.

"யார் இத எழுதினது?"

"தெரியல டீச்சர்."

"செல்லப் பிராணி இல்ல, செல்லாப் பிராணின்னு இருக்கு. செல்லாதுன்னா என்ன அர்த்தம்? கிழிஞ்ச நோட்டா இது?" அந்தத் துணைக்காலைச் சுழித்து அடித்தார். "உரிமையாளருக்கு வல்லின ற. மருத்துவர் மருந்துவர் ஆயிட்டாரு. சம்மதிக்கின்றேண், மூணு சுழி போட்டு சம்மதிக்கிறாங்க."

உள்ளே மேசையில் நாய் இழுத்து இழுத்து மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். பேனை நிற்கவில்லை. முடித்துவிட்டு, கடதாசியின் அடியில் வேகமாக ஏதோ எழுதிக் கோடு போட்டார். நாற்பது வருஷம் கொப்பி திருத்திய கை, தன்பாட்டுக்கு எழுதியது. பிறகு பேனை மறுபடி மேலே போய் ஒரு இடத்தில் நின்றது.

"அண்ணே, நான் கூட இருந்தேன்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

"இல்லையா டீச்சர்?"

"நீங்க வாசிச்சீங்களா?"

"எனக்கு எங்க டீச்சர்."

அவர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு நான் ஒழுங்காகப் போயிருந்தால் வாங்கியிருக்கக்கூடிய பார்வை. "கருணைக்கொலை செய்ய சம்மதிக்கிறேன்னு எழுதியிருக்கு. கொலைன்னு. இத்தன காலமும் ஆளுகள இதுலதான் கையெழுத்து போட வச்சிருக்கீங்க."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். டொக்டர் உள்ளே இருக்கிற நேரத்தில் நான் உட்காருவதில்லை, அன்றைக்கு உட்கார்ந்தேன். பன்வில அம்மாவின் முகம் வந்தது.

"இது எழுத்துப் பிழையில்ல" என்றார் டீச்சர், தனக்குத்தானே சொல்வதுபோல. "சரியான சொல்லுதான். அகராதியில இருக்கு. கருணையையும் கொலையையும் பக்கத்துல வச்சு நடுவுல ஒரு 'க்' போட்டு ஒட்டிட்டாங்க. ஒட்டிக்குமா அது? நான் இதுக்கு கையெழுத்து போட மாட்டேன்."

"அப்ப வேற சொல்லு போடுங்க டீச்சர். நீங்க போட்டா யாரு கேக்கப் போறா?"

"என்ன போட?"

"அனுப்பி வைக்கிறதுன்னு."

"எங்கன்னு கேள்வி வரும்."

"விடுதல?"

"அத எழுதினா ஆமிக்காரன் வந்து விசாரிப்பான்."

"தூங்க வைக்கிறதுன்னு சொல்றாங்களே."

"தூங்கினா எழும்பணும்."

டொக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை. கையில் மருந்து ஏற்றிய ஊசி. டீச்சர் பேனையைப் பிடித்தபடியே இருந்தார். அவர் சொல் தேடவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எத்தனை சொல் கொடுத்தாலும் தள்ளுவார். சொல் கிடைக்காதவரை நாய் இருக்கும். உள்ளே அது இருக்கிற இருப்பையும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"டீச்சர், நான் வாயால சொல்லிக்கிட்டு வந்தத எழுதுங்க" என்றேன். "பொய்தான். ஆனா யாரும் அத வேணாம்னு சொல்லல."

அவர் அந்தக் கருணைக்கொலை வரியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதற்கு மேலே எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். "இது போகும்போது நான் கூட இருந்தேன்."

"இப்ப கையெழுத்து போட்டுருவோம் டீச்சர்."

"எப்படி போடறது? இருந்தேன்னா இறந்தகாலம். இன்னும் நடக்கலியே."

அவர் கடதாசியை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். சிவப்புப் பேனையையும் மூடவில்லை. அப்படியே உள்ளே போனார்.

கையெழுத்து முதலில் வேண்டும் என்று டொக்டர் சிங்களத்தில் ஆரம்பித்தார். பிறகுதான் வருமாம், இலக்கணம் அப்படியாம் என்று நான் சொன்னேன். டொக்டர் என்னையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டம் என்னவோ சொல்லும், ஆனால் டீச்சரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்கிற ஆள் நான்தானே. நான் சொல்லவில்லை.

நான் முன்காலைப் பிடித்தேன். டீச்சர் தலையைப் பிடித்தார். "சிட்" என்றார் முதலில். அது படுத்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு தமிழில் ஏதேதோ சொன்னார், பிழை திருத்தாத தமிழ். நாய் தலையைத் திருப்பவில்லை, அவர் உள்ளங்கையில் மூக்கை வைத்திருந்தது. மூச்சு ஒருதரம் பெரிதாக வந்தது. அவ்வளவுதான். டீச்சர் அப்புறம் அந்த மேசையின் ஓரத்திலேயே கடதாசியை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சிவப்பில்.

சால்வையை அவர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

டொக்டருக்கு அந்தக் கடதாசி பிடித்துப்போனது. ஒரு தமிழ் டீச்சரே திருத்தித் தந்துவிட்டார், இனி ஒருவரும் குறை சொல்ல முடியாது என்று, டவுனில் போட்டோ கொப்பி அடிக்கிற ஒரு கொமினிகேஷன் கடையில் கொடுத்துப் புதிதாக அடிப்பித்தார். அங்கே தட்டச்சு செய்கிற தம்பிக்குத் தமிழ் தெரியாது. எழுத்தைப் பார்த்து எழுத்தை அடிப்பான். படம் வரைகிற மாதிரி. ஒன்றையும் விடமாட்டான்.

புதுக் கடதாசி வந்தபிறகு என் வேலை மாறிப்போனது. நானாக ஒன்றும் சொல்லாமல், வாசித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள் என்று நீட்டினேன். தமிழில் வாசிக்கிறவர்கள் எல்லோரும் அறைக்குள் வர ஆரம்பித்தார்கள். கூட இருந்தேன் என்று எழுதியிருக்கிறதே, வெளியே நின்று எப்படிப் போடுவது என்று கேட்டார்கள். சிங்களத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் வழக்கம்போல ரோட்டில் நின்றார்கள். அறை சின்னது, டொக்டருக்குக் கை திருப்ப இடமில்லை. தமிழ் ஆட்களுக்கு இது என்ன புதுப் பழக்கம் என்று என்னைக் கேட்டார். இன்னொன்றும் கவனித்தேன். வாசிக்கிறவர்கள் எல்லோரும் கடதாசியின் கடைசி வரிக்கு வந்ததும் கொஞ்ச நேரம் நிற்பார்கள், ஒருதரம் தலையை ஆட்டுவார்கள், பிறகுதான் பேனையைக் கேட்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் வந்தார். மிச்சமிருந்த சேலைன் போத்தலையும் சிரிஞ்சையும் வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிக் கொண்டுவந்திருந்தார். நான் பெருமையாகப் புதுக் கடதாசியை எடுத்துக் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து வாசித்தார். "ம். செல்லப் பிராணி. சரி. மருத்துவர், சரி."

"கடைசி வரிதான் டீச்சர் எல்லாத்துக்கும் பிடிச்சிருக்கு. அத வாசிச்சிட்டு தலைய ஆட்றாங்க. நல்லதா ஏதோ எழுதி குடுத்துட்டீங்க போலன்னு நெனச்சேன்."

அவர் கண் கடதாசியின் அடிக்கு வந்து நின்றது.

"என்ன டீச்சர் எழுதியிருக்கு?"

"பிழை ஏழு. கவனம் போதாது." கண்ணாடியைக் கழற்றினார். "கொப்பியில எழுதற மாதிரி எழுதிட்டேன் அன்னைக்கு. அடிச்சவனுக்கு எழுதினது அது."

"ஆளுக தங்களுக்குன்னு நெனச்சிட்டாங்க."

"ஒருத்தரும் ஏன்னு கேக்கலியா?"

"கேக்கல டீச்சர். எல்லாரும் ஆமான்னுதான் தலைய ஆட்டுனாங்க."

அவர் கடதாசியை மேசையில் வைத்து, ஓரம் மடங்காமல் கையால் தடவிவிட்டார். "நானும் அதுக்கு கீழதான் கையெழுத்து போட்டேன்" என்றார்.

"டொக்டர்கிட்ட சொல்லி மாத்திருவோமா? வேற அடிக்கலாம்."

"எத்தன அடிச்சிருக்காங்க?"

"ஐநூறு."

"அது முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, அம்பிட்டிய பஸ் வருகிறதா என்று பார்க்க வெளியே இறங்கினார்.

தமிழில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எங்களிடம் குறைவு. ஐநூறு இன்னும் முடியவில்லை.